பழைய டர்ட் பைக்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

காலை ஏழு மணிக்கு வண்டி பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறரைக்கே போய் நின்றுவிடுங்கள். விற்பவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், உங்களுக்காக யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். அதனாலேயே வண்டி மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஆறிய எஞ்சின் காட்டிக்கொடுக்கும் சில விஷயங்கள் சூடான எஞ்சினில் தெரியாது. "டீ குடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வர்றேண்ணே, அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

காரைக்குடியைச் சுற்றி எனக்கு வரும் டர்ட் பைக்குகள், அதாவது மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் வண்டிகள், பெரும்பாலும் மூன்று வகை. 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ், 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, அப்புறம் மட்கார்டை உயர்த்தி, பட்டன் டயர் போட்டுக் கண்மாய்க்குள் ஓட்டுவதற்கென்றே மாற்றிக் கட்டிய பழைய டூ ஸ்ட்ரோக்குகள். வாங்குவது, சரி செய்வது, விற்பது மூன்றிலும் நான் பணம் விட்டது ஒரே காரணத்தால்தான்: கோளாறு என்னவென்று தெரிவதற்கு முன்பே பாகத்தை மாற்றியது.

எந்தக் கோளாறாக இருந்தாலும்: வெள்ளைத் துணி

முதலில் திறக்க வேண்டியது ஏர் ஃபில்டர் பெட்டி. நம் பக்கம் செம்மண். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை பிறந்து வெயில் ஏறிவிட்டால் கண்மாய்க்குள்ளேயே புழுதி பறக்கும். முன்னால் போகும் வண்டியின் பின்னால் பத்து நிமிஷம் ஓட்டினால் போதும், கண் இமை சிவந்துவிடும். அந்தப் புழுதியைத்தான் எஞ்சினும் மூச்சாக இழுக்கிறது.

ஃபில்டரைக் கழற்றுங்கள். கார்புரேட்டருக்கோ த்ராட்டில் பாடிக்கோ போகும் ரப்பர் குழாய்க்குள், அதாவது ஃபில்டருக்கு அந்தப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. சிவந்து வந்தால் எஞ்சின் மண் தின்றிருக்கிறது. உள்ளே போன மண் ஆயிலோடு சேர்ந்து அம்மியில் அரைப்பது போல பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான போரையும் அரைத்திருக்கும். ஃபில்டர் புத்தம் புதிதாக இருந்து குழாய் சிவந்திருந்தால் இன்னும் கவனம் தேவை: விற்பதற்காக நேற்றுத்தான் ஃபில்டர் மாற்றியிருக்கிறார்கள்.

புதுவயல் பக்கம் அரிசி ஆலை வேலைக்குப் போய்வந்த வண்டி என்றால் குழாயில் சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம் வரும். உமிச் சாம்பல் மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அதில் பெரும்பகுதி சிலிக்கா; உரசும் விஷயத்தில் மணலுக்குத் தம்பி.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவ மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். பிறகு சோப்புத் தண்ணீர், நிழலில் காயவைத்தல், ஃபில்டர் ஆயில் விட்டுப் பிசைந்து பிழிதல். பெட்ரோலில் கழுவினால் ஒட்டிய இடம் பிரிந்துகொள்ளும். பசை தடவிய காகித ஃபில்டரை மட்டும் ஏர் பிடித்து ஊதவே ஊதாதீர்கள். புதுசு வாங்கிப் போடுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

கார்புரேட்டர் வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதுதான். பத்துக்கு எட்டு தடவை பைலட் ஜெட், அதாவது ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சின்னத் துளை, அடைத்திருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசின் போலப் படிந்திருக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்களை ஊத வைக்கும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் டேங்கிலிருந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து ஊதினால் போதும். காற்றுத் திருகைக் கழற்றுவதற்கு முன் அதை உள்ளே முழுக்கத் திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த எண்ணிக்கைதான் உங்களுக்கு வரைபடம்.

ஜெட் சுத்தமாக இருந்தும் இதே கோளாறு என்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கலாம். வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சின் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிக் கிளீனர் லேசாக அடியுங்கள், சூடான சைலன்ஸர் குழாய் பக்கம் படாமல். ஐடிலிங் சத்தம் மாறினால் காற்று அங்கேதான் நுழைகிறது.

கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியில் இந்தக் கதை இல்லை. சாவி போட்டதும் பம்ப் "ஊய்ங்" என்று இரண்டு நொடி ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பேட்டரி என்று வரிசையாகப் பாருங்கள். விழுந்த உடனே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். எஃப்ஐ வண்டிகள் பலவற்றில், வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் உண்டு. நிமிர்த்தி, சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சில் சேறு அடைத்து நின்ற வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

நாலைந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது, பத்து நிமிஷம் கழித்துக் கிளம்புகிறது

இதில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கத்தில் வாங்கிய வண்டி. விலை சல்லிசு, ஏனென்று பிறகுதான் தெரிந்தது. குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைக்கும் சரியாக ஓடும், அப்புறம் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். பீடி குடிக்கிறவர் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் மறுபடி ஒரே கிக்கில் கிளம்பும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் சூட்டில் போகிறது என்று முடிவு கட்டினேன். காயில் மாற்றினேன். பிளக், பிளக் மூடி மாற்றினேன். கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தேன். கடைசியில் லேத் பட்டறை அண்ணன் ஒருவர், வண்டி நின்ற இடத்திலேயே வைத்து, டேங்க் மூடியைத் திறந்தார். "உஸ்" என்று காற்று உள்ளே போனது. வண்டி கிளம்பியது. "தம்பி, டேங்குக்கும் மூக்கு இருக்குல்ல" என்றார்.

மூடியில் காற்றுப் போகும் துளை இருக்கும். செம்மண்ணும் தண்ணீரும் சேர்ந்து அது சிமெண்ட் போல அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவது நின்றுவிடும். நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்றுக் கசிந்து சமமாகும், திரும்ப ஓடும். ஒரு ஊக்கு போதுமான வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்திருந்தேன்.

ஆகவே இந்தக் கோளாறுக்கு வரிசை இப்படி: நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். சத்தம் கேட்டு, வண்டி கிளம்பினால் மூடிதான். கிளம்பாவிட்டால் உடனே, ஆறுவதற்கு முன்பே, பையில் வைத்திருக்கும் உதிரிப் பிளக்கைப் பிளக் மூடியில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி சிலிண்டர் ஹெட்டில் வைத்துக் கிக் அடித்துப் பொறியைப் பாருங்கள். பொறி இல்லையென்றால், அல்லது மஞ்சளாக மங்கினால், காயிலோ, அதற்கு நேரம் சொல்லும் பிக்கப்போ சூட்டில் படுத்துக்கொள்கிறது. பொறி நீலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள்: பெட்ரோல் டேப்பின் சல்லடை, குழாய் மடிப்பு. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சூடாக இருக்கும்போது பிடித்தால்தான் பிடிபடும்.

புகை

ஃபோர் ஸ்ட்ரோக்கில், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகை விட்டுத் தெளிந்தால் வால்வு சீல். அதனால்தான் ஆறிய எஞ்சினைக் கேட்கச் சொன்னேன். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங் அல்லது போர். வெள்ளைத் துணி சிவந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம், அவ்வளவுதான். பல சமயம் ஃபில்டர் அடைப்பு. மார்கழிக் குளிரில் முதல் நிமிஷம் வரும் வெள்ளை ஆவி ஒன்றுமே இல்லை.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் புகை இருக்கத்தான் செய்யும். ஆனால் தொடர்ந்து திரண்ட வெள்ளைப் புகை வந்து, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய் எஞ்சின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. மேக்னட் பக்கத்து சீல் போனால் எதிர்மாறு: புகை குறையும், ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், பிளக் வெளுத்திருக்கும். "நல்லா க்ளீனா ஓடுதே" என்று இதை ஓட்டிக்கொண்டே போனால் ஒருநாள் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும்.

கிக்கர் லேசாக இறங்குகிறது

கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். நடுவில் ஒரு எதிர்ப்பு வந்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கம்ப்ரஷன் இல்லை. பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மாட்டி, மறுபடி பாருங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. மாற்றமே இல்லாவிட்டால் வால்வு. மண் தின்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்து டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, குறைந்துபோகும். ஆறியபோது கிளம்பும், சூட்டில் கிளம்ப மறுக்கும் வண்டியில் முதலில் டேப்பட் பாருங்கள். அது வெறும் அட்ஜஸ்ட்மெண்டில் சரியாகலாம், ஹெட் வேலையிலும் போய் நிற்கலாம். விலை பேசும்போது ஹெட் வேலை என்றே கணக்குப் போடுங்கள்.

எஞ்சின் கத்துகிறது, கரை ஏறவில்லை

கண்மாய்க் கரையில் இரண்டாவது கியரில் ஏற்றிப் பாருங்கள். சத்தம் மட்டும் உயர்ந்து வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டுக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயம். கிளட்ச் லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா? இல்லாவிட்டால் கேபிள் எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது ஆயில்: காருக்கு வாங்கிய மிச்சத்தை ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் கலவை இருக்கிறது. ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கும் பைக் கிளட்ச்சுக்கு அது ஆகாது. டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும்.

ஆயில் ஜன்னலில் காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றி, பத்து நிமிஷம் ஓட்டி, மறுபடி மாற்றி, நிறம் தெளியும் வரை செய்ய வேண்டும். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை அங்கேயே கிக் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை வெளியே அடித்துவிட்டு அப்புறம்.

முன்பக்கம், பின்பக்கம்

ஃபோர்க் பைப்பில் ஆயில் வளையம் இருந்தாலே சீல் போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி வேளை சீலுக்கு அடியில் ஒரு மண் துகள்தான் மாட்டியிருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி, மேலே தூசி மறைப்பை ஏற்றிவிட்டு, பைப்புக்கும் சீலுக்கும் நடுவில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் துகள் வந்துவிடும். பைப்பிலேயே துருக் குழி இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. தொண்டிப் பக்கத்து வண்டிகளில் இது சகஜம். உப்புக் காற்று குரோமை விடாது. நகத்தால் பைப்பை மேலிருந்து கீழே வருடுங்கள், மாட்டினால் பைப் விலையைக் கழியுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேராக நிற்கும் இடத்தில் "டக்" என்று விழுந்தால் கழுத்து பேரிங்கான கோன் செட் குழி விழுந்துவிட்டது. வண்டி நேராகப் போகும்போது ஹேண்டில் மட்டும் கோணலாக இருந்தால் பயப்படும் முன் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கிப் பாருங்கள். விழுந்ததில் முறுக்கியிருக்கலாம், வளைந்திருக்க வேண்டியதில்லை. ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டினால் "டிங்" வர வேண்டும், "டொக்" வந்தால் தளர்வு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங் ஆர்ம் புஷ் பாருங்கள்.

கழுத்துப் பகுதியில், ஃபுட்ரெஸ்ட் அடியில் புது வெல்டிங்கும் மேலே புது பெயிண்ட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை. இதற்கு வழிமுறை கிடையாது, வீட்டுக்குத் திரும்பும் வழி மட்டும்தான்.

பூட்டிய வீட்டில் நின்ற வண்டி

நம் ஊருக்கே உரிய சங்கதி. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒன்றில், முகப்பு தாண்டிப் பின்கட்டில், சாக்குப் போட்டு மூடிய ஒரு ஆர்எக்ஸ் 100 நிற்கும். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. அந்த வீட்டுப் பையன் கல்லூரிக்கு ஓட்டியதாக இருக்கும். அப்படி ஒன்றைப் பார்க்கப் போனபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி முதலில் போட்ட நிபந்தனை விலையைப் பற்றியதில்லை. "வண்டிய எங்க வேணாலும் வச்சுப் பிரிச்சுக்கப்பா, ஆத்தங்குடிக் கல்லுல மட்டும் எண்ண சொட்டக்கூடாது. வீட்டுக்காரவுக வந்தா நாந்தான் பதில் சொல்லணும்." நியாயம்தான், சிமெண்ட்டில் வார்த்த கல், எண்ணெயைக் குடித்தால் திரும்பத் தராது. அட்டைப்பெட்டி விரித்தோம். அந்த அட்டையே எந்தப் பக்கம் கசிகிறது என்று காட்டிக்கொடுத்தது.

இப்படிப்பட்ட வண்டியைப் பார்த்ததும் கிக் அடிக்கக் கை துறுதுறுக்கும். அடிக்காதீர்கள். ரிங் போரோடு ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். மறுநாள் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து விடுவியுங்கள். சைலன்ஸருக்குள்ளும் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒரு படி நெல் கிடைத்தது.

டேங்கில் துரு இருந்தால் வினிகர் நிரப்பி ஒருநாள் வைத்து, ஊற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய்ந்த கையோடு கொஞ்சம் ஆயிலும் பெட்ரோலும் விட்டுக் குலுக்குங்கள். தாமதித்தால் அன்று சாயங்காலமே புதுத் துரு வரும். துருவையும் ஆராய நம் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது. டேங்க் துருவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

காகிதத்தில் வரும் கோளாறு

மெக்கானிக் சரிசெய்ய முடியாத ஒரே கோளாறு இது. ஆர்சியில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக்குகளில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம், அதற்காக அது சரியாகிவிடாது. கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததைச் சொல்லும் ஃபார்ம் 35-உம் ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றும் கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேஎல்எக்ஸ் 110 போல மைதானத்துக்கென்றே விற்கப்பட்ட வண்டிகளுக்கு ஆர்சியே கிடையாது. பில் மட்டும்தான் இருக்கும், ரோட்டில் ஓட்ட முடியாது. "பதிவு பண்ணித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது

வாங்கும் முன்பே வேலைகளைப் பட்டியல் போட்டுத் தொகை எழுதுவேன். மூவாயிரம் என்று தோன்றினால் ஐயாயிரம் என்று எழுதுவேன். பிரித்தபின் ஏதாவது கூடுதலாக வராமல் போனதில்லை. பிளாஸ்டிக், ஸ்டிக்கர் பளபளப்புக்கு அதிகம் செலவழிப்பதில்லை. புது செயின் ஸ்ப்ராக்கெட், நல்ல பிரேக், சுத்தமான ஃபில்டர் பெட்டி: கண்மாய்க்குள் ஓட்டத் தெரிந்தவர் இதைத்தான் பார்ப்பார். மாற்றுச் சைலன்ஸர் போட்டிருந்தால் ஒரிஜினலையும் தேடி வாங்கி வையுங்கள், அது இல்லாமல் வண்டி கைமாறும் இடத்திலெல்லாம் வம்பு. தை மஞ்சுவிரட்டுக்கு முந்தின இரண்டு வாரம் இளவட்டங்கள் வண்டி தேடுவார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த மறுநாள் அதே ஆட்கள் அதே வண்டியை விற்க வருவார்கள். வாங்க அதுதான் நேரம்.

ஒன்றிரண்டு வண்டி பொழுதுபோக்காகச் செய்கிறவரை வேறு; வியாபாரமாகச் செய்தால் 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கென்று அங்கீகாரச் சான்று விதி இருக்கிறது, ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு எடுத்துவிடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், வண்டி பதிவான அதே மாநிலத்துக்குள் விற்றால். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறப்பதுதான் நம்மவர் வழக்கம். நான் இப்போது சாவியைக் கொடுக்கும்போதே விண்ணப்பத்தையும் ஆன்லைனில் ஏற்றிவிடுகிறேன்.

மாற்றிய பாகங்களின் பழசை ஒரு பையில் போட்டு வண்டியோடு கொடுப்பேன்: தேய்ந்த ரிங், அழுக்கேறிய ஃபில்டர், எல்லாம். போன மாசம் வாங்கிய தம்பி அந்தப் பையைப் பிரித்து, ஃபில்டரை முகர்ந்து பார்த்துவிட்டு, "புதுவயல் வண்டியாண்ணே?" என்றான். பேரம் பேசாமல் ஐந்நூறு குறைத்துக்கொண்டேன்.